களப்பணிக்கு ஏற்ற மடக்குக் கத்தி

களப்பணியில் ஈடுபட்டோர் சுமந்து செல்லும் கருவிகளுள் மிகக் குறைந்த கவனத்துடன் வாங்கப்படுவது மடக்குக் கத்தியேயாகும். திசைகாட்டியையும் உருப்பெருக்குக் கண்ணாடியையும் பெரும்பாலும் அலுவலகமே தேர்ந்து வழங்குகிறது. கத்தியையோ ஒவ்வொருவரும் தம் கைப்பணம் கொடுத்து, சந்தையிலோ இரயில் நிலைய வாயிலிலோ, அலகின் பளபளப்பை மட்டும் கண்டு வாங்கிவிடுகின்றனர். ஆயினும் நாள் முழுவதிலும் அடிக்கடி கைக்கு வருவது அதுவே. மாதிரிப் பைகளின் சணற் கயிற்றை அறுக்கவும், மரப்பட்டையைச் சீவிப் பார்க்கவும், கிளை நறுக்கவும், அடையாள முளைகளுக்கு மூங்கில் சீவவும், பென்சிலைக் கூராக்கவும், மதிய உணவுக்கு வெங்காயம் அரியவும் அந்த ஒரு கத்தியே பயன்படுகின்றது. கழுத்துக் கயிறு இறுகித் தத்தளிக்கும் கன்றுக்குட்டியை விடுவிக்க நேரும்போது அதன் கூர்மைதான் உயிர் காப்பதாகவும் அமைகின்றது.

தவறான கத்தி வேலைக்கு உதவாமற் போவதோடு நிற்பதில்லை. அது வைத்திருப்பவரின் விரலையே கேட்கும். திடீரென மடங்கும் அலகு ஆள்காட்டி விரலின் உட்புறத்தைத்தான் முதலில் தாக்குகிறது. விரலை மடக்கும் தசைநாண்கள் அங்கே தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று அறுபட்டால் வெறும் கட்டுப் போட்டு ஆற்றிவிட இயலாது. அறுவைச் சிகிச்சையும், பின்னர்ப் பல வாரப் பயிற்சியும் வேண்டும். மருத்துவமனை வெகு தொலைவில் உள்ள காட்டுப் பகுதியில் பணிபுரியும் வனக் காவலருக்கோ நில அளவையாளருக்கோ இது சிறு விஷயமன்று.

மடக்குக் கத்தி மிகப் பழமையானது. உரோமானியர் காலத்து மடக்குக் கத்திகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்தியே நம் வழக்கில் பேனாக்கத்தி எனப்படுகிறது. இறகு போன பின்பும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் பேனாக்கத்தி வேறு, கடினமான அன்றாட உழைப்புக்குரிய மடக்குக் கத்தி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் தொல்லைகள் பல தொடங்குகின்றன.

அலகு மடங்கும் விதம்

சாதாரண மடக்குக் கத்தியில் அலகின் அடிப்பாகத்தைப் பிடியின் முதுகிலுள்ள வில்தகடு அழுத்திக் கொண்டிருக்கும். இந்த அழுத்தமே அலகை விரிந்த நிலையில் நிறுத்துகிறது. பூட்டு எதுவும் இல்லை. காய் நறுக்கும்போதும் கயிறு அறுக்கும்போதும் பொருளின் எதிர்விசை கத்தியின் வாய்ப்புறத்தில் விழுவதால், அது அலகை மேலும் விரியவே தள்ளும், ஆபத்தில்லை. ஆனால் முனையால் குத்தித் துளையிடும்போதும், மரத்தில் சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போதும் விசை அலகின் முதுகுப் புறத்தில் விழுகிறது. அப்பொழுது அலகு மடங்க முற்படும்.

நெம்புகோல் தத்துவத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அச்சாணியிலிருந்து முனை வரை 8 செ.மீ. என்றும், வில்தகடு அலகின் அடியைத் தொடும் இடம் அச்சாணியிலிருந்து அரை செ.மீ. என்றும் கொள்வோம். முனையின் முதுகுப் புறத்தில் 2 கிலோ எடைக்குச் சமமான விசை விழுந்தால், அதைத் தடுக்க வில்தகடு 32 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரவேண்டும். நகத்தால் இழுத்துத் திறக்கத்தக்க எந்த வில்லும் இவ்வளவு வலிமை உடையதாக இருக்க முடியாது. ஆகவே வில்லை எவ்வளவு கடினமாக்கினாலும், பூட்டில்லாக் கத்தி குத்தும் வேலைக்கு உரியதன்று.

இக்குறையைப் போக்கவே பூட்டுள்ள கத்திகள் தோன்றின. அவற்றுள் மிக எளியது வளையப் பூட்டு. பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890ஆம் ஆண்டளவில் குடியானவர்களுக்கென மரப்பிடியுள்ள ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். அவர் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் ஒப்பினெல் 1955ஆம் ஆண்டில் அதன் கழுத்தில் சுழலும் எஃகு வளையம் ஒன்றைச் சேர்த்தார். வளையத்தைத் திருப்பினால் அதன் பிளவு மறைந்து, அலகு மடங்க வழியில்லாமற் போகிறது. கண்ணால் பார்த்தே பூட்டியிருக்கிறதா இல்லையா என்று அறியலாம் என்பது இதன் பெரும் சிறப்பு. மழைக்காலத்தில் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, அலகைத் திறக்கவொட்டாமல் இறுக்கிவிடுவது இதன் குறை. பிடியின் அடிப்பகுதியை மரக்கட்டையில் மெதுவாகத் தட்டினால் அலகு சற்றே வெளிவரும். முன்கூட்டியே அச்சாணிப் பக்கத்து மரத்தில் ஆளிவிதை எண்ணெயோ மெழுகோ ஊட்டி வைப்பது இன்னும் நன்று.

இரண்டாவது வகை முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் கிடக்கும் நெம்புச் சட்டத்தின் பல் அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து அதைப் பிணைக்கும். பூட்டை விடுவிக்கச் சட்டத்தின் ஒரு பகுதியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இது உறுதியானதே, எனினும் பள்ளத்தில் மண்ணோ பைத்தூசியோ அடைந்தால் பல் முழுவதும் இறங்காது. மூன்றாவது வகையில் பிடியின் உட்தகடுகளுள் ஒன்று வில்போல் வளைக்கப்பட்டிருக்கும். அலகு விரிந்தவுடன் அத்தகடு அலகின் அடிக்குப் பின்னே வந்து முட்டுக் கொடுத்து நிற்கும். தேர்ந்த தொழிலாளியின் கையில் இது மிக நன்றாக அமையும். மலிவான கத்திகளிலோ தகடு மெல்லியதாகவும், முட்டும் இடம் வழுவழுப்பாகவும் இருந்து நழுவிவிடும். இப்பூட்டு பெரும்பாலும் வலக்கைப் பழக்கமுள்ளோரை எண்ணியே செய்யப்படுவதையும் இடக்கைப் பழக்கமுள்ளோர் நினைவிற் கொள்க.

எமது கருத்தில், மூங்கிலும் மரப்பட்டையும் சீவும் களப்பணியாளருக்கு வளையப் பூட்டோ முதுகுப் பூட்டோ உள்ள கத்தியே தக்கது. பள்ளியிலும் அலுவலகத்திலும் காகிதம், நூல், பென்சில் ஆகியவற்றோடு நின்றுவிடும் வேலைக்குப் பூட்டில்லாக் கத்தி போதும். பூட்டு இருப்பதனால் கவனம் வேண்டா என்பதில்லை. பூட்டுள்ள கத்தியையும் பூட்டில்லாததாகவே கருதிக் கையாளுவோர் விரலைக் காத்துக்கொள்கின்றனர்.

எஃகும் அதன் பதமும்

இரும்பில் கரி சேர்வதால் எஃகு பிறக்கிறது. கத்தி எஃகில் கரியின் அளவு சாதாரணமாக நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை இருக்கும். செந்தணலாகச் சூடேற்றி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் எஃகு மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. மீண்டும் இளஞ்சூடு காட்டினால் கடினத்தில் சிறிது குறைந்து, உறுதி மிகுதியும் திரும்புகிறது. கொல்லர்கள் பதம் பார்த்தல் என்று கூறுவது இதனையே. துலக்கிய எஃகின்மேல் சுமார் 220 முதல் 230 பாகை சென்டிகிரேடில் வைக்கோல் நிறமும், ஏறத்தாழ 300 பாகையில் நீல நிறமும் தோன்றும். கத்தி வாய்க்கு ஏற்றது வைக்கோல் நிறத்தை ஒட்டிய பதம். வில்லுக்கு ஏற்றது நீலம்.

வகுப்பில் இதனைக் காட்டச் சாதாரணத் தையல் ஊசிகள் மூன்று போதும். மூன்றையும் இடுக்கியால் பற்றிச் சாராய விளக்கில் செந்நிறமாகக் காய்ச்சுக. முதல் ஊசியை மெல்ல ஆறவிட்டால் கம்பிபோல் வளையும். இரண்டாவதைச் சட்டென்று நீரில் தோய்த்தால், வளைக்க முயலும்போது ஒடியும். மூன்றாவதைத் தோய்த்துத் துலக்கி, சூடான இரும்புத் தகட்டின்மேல் நீல நிறம் வரும் வரை வைத்து எடுத்தால், அது வளைந்து மீண்டும் நிமிரும். ஒடியும் ஊசியின் துணுக்கு கண்ணில் தெறிக்கக்கூடும். ஆகவே கண்காப்புக் கண்ணாடி அணிந்து, ஊசியைத் துணிக்குள் வைத்து, ஆசிரியரே ஒடித்துக் காட்டுதல் வேண்டும்.

கடினத்தை ராக்வெல் 'சி' அளவில் குறிப்பது வழக்கம். அன்றாடக் கத்திக்கு 55 முதல் 59 வரை உள்ள கடினம் பொருத்தமானது. இதற்குக் குறைந்தால் கூர் மடிந்துவிடும். மிக அதிகமானால் வாய் பொரிவதோடு, சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டுவதும் கடினமாகும். 60க்கு மேற்பட்ட எண்களை விளம்பரத்திற் கண்டு மயங்க வேண்டுவதில்லை. முகாமில் கையிலுள்ள கல்லால் பத்து நிமிடத்தில் தீட்டிக்கொள்ளத்தக்க அலகே களத்தில் உயர்ந்த அலகு.

கரி எஃகா, துருப்பிடிக்காத எஃகா என்ற வினா அடிக்கடி எழுகிறது. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த எஃகு துருவை எதிர்ப்பதைக் கண்டார். கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரிலேயே அந்த எஃகு வளர்ந்ததில் வியப்பில்லை. நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு குரோமியம் இருப்பின், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடுப் படலம் உண்டாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்னும் பெயர் சற்று மிகையானதே. உப்பு நீரிலும் வியர்வையிலும் கவனியாது விட்டால் அதுவும் புள்ளி விழும். கரி எஃகு எளிதில் தீட்டத்தக்கது. நுண்ணிய கூர் கொள்வது. ஆனால் ஒரே இரவில் துருவேறும். வாழைக்காயும் மாங்காயும் நறுக்கினால் அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடி அலகைக் கறுக்கச் செய்யும். இக்கறுப்பு கெடுதலன்று. கடற்கரை மாவட்டங்களிலும், அஸ்ஸாம், கேரளம் போன்ற மழை மிகுந்த இடங்களிலும் பணிபுரிவோர் துருப்பிடிக்காத எஃகையே நாடுதல் நலம். வறண்ட தக்காணத்திலும் இராஜஸ்தானத்திலும் கரி எஃகு குறையின்றி உழைக்கும்.

மண் மாதிரி எடுப்போருக்கு இதில் தேர்வே கிடையாது. துத்தநாகம், இரும்பு, தாமிரம் முதலிய நுண்ணூட்டங்களைச் சோதிப்பதற்கான மண்ணைத் துருவேறிய அலகாலோ, துத்தநாகம் பூசிய கருவியாலோ, பித்தளையாலோ தொடக்கூடாது. கருவியிலிருந்து உதிரும் துகளே ஆய்வு முடிவைப் பொய்யாக்கி, உழவருக்குத் தவறான உரப் பரிந்துரை சென்றுவிடும்.

அலகின் வடிவும் பிடியும்

அலகின் நீளம் 7 முதல் 9 செ.மீ., முதுகின் தடிப்பு 2 முதல் 3 மி.மீ. என்பது பொதுவாகப் பொருந்தும் அளவு. தடித்த அலகே உறுதி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அலகு ஓர் ஆப்பு என்பதை மறத்தலாகாது. வாயை அடுத்த பகுதி தடித்திருந்தால் கத்தி அறுப்பதில்லை, பிளக்கிறது. ஒரே உருளைக்கிழங்கை மெல்லிய அலகாலும் தடித்த அலகாலும் நறுக்கிப் பார்த்தால், பின்னதில் துண்டுகள் வெடித்துப் பிரிவதை மாணவரும் காண்பர். முதுகு தடித்து, வாயை நோக்கிச் சீராக மெலிந்து வரும் அலகே வேண்டும். கூர்முனை சற்றுத் தாழ்ந்து, அலகின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பின் உறுதி மிகும்.

ஒரே பிடியில் எட்டுப் பத்துக் கருவிகள் அடங்கிய கத்திகளைப் பற்றி ஒரு சொல். சுவிட்சர்லாந்தின் படைவீரர்களுக்கென 1891ஆம் ஆண்டு முதல் தரப்பட்ட கத்தியின் வழித்தோன்றல்களான இவை மிக நேர்த்தியானவையே. ஆனால் அவற்றின் போலிகளில் ஒவ்வொரு கருவியும் மற்றொன்றின் இடத்தைத் திருடுகிறது. ஒரு நல்ல அலகும், வேண்டுமானால் ஒரு துளையூசியும் உள்ள கத்தி, பத்துக் கருவிகள் கொண்ட பலவீனமான கத்தியைவிட மேலானது.

பிடி நான்கு விரல்களும் அமரும் நீளமுடையதாக, சுமார் 10 முதல் 12 செ.மீ. வரை இருத்தல் வேண்டும். மெருகிட்ட உலோகப் பிடி வியர்வையில் வழுக்கும், கோடையில் சுடும். கொம்பு அழகியது, ஆனால் வறண்ட வெப்பத்தில் வெடிக்கும். ஈட்டி மரம் போன்ற இறுகிய மரமும், கண்ணாடி இழை சேர்த்த நைலானும் நன்கு உழைப்பவை. பிடியின் முடிவில் கயிறு கோக்கும் துளை இருப்பது வசதி. அதில் சிவப்பு நாடா ஒன்று கட்டி வைத்தால் புல்லில் விழுந்த கத்தியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மரநிறக் கத்தியைக் காட்டில் தொலைத்தவர் மீண்டும் கண்டதாகக் கேள்விப்படுவது அரிது!

கடையில் வாங்கும்போது அலகை விரித்து, முனைப் பக்கத்தைப் பற்றி இடமும் வலமும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் தெரிந்தால் வாங்கற்க. நாளடைவில் அது பெருகுமேயன்றிக் குறையாது. மடக்கிய அலகு இரு தகடுகளுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறதா, அதன் வாய் உட்புற உலோகத்தில் இடிக்கிறதா என்று வெளிச்சத்திற் பிடித்துக் காண்க. இடித்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மழுங்கும். பூட்டுள்ள கத்தியாயின், அலகின் முதுகை மேசை ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். அப்போது விரல்கள் அலகு விழும் பாதையில் இருக்கக் கூடாது. பூட்டு ஒரு முறை நழுவினாலும் அக்கத்தியை ஒதுக்குக. தறையாணிகள் பிடியோடு சமமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவி அறிக. அலகின் மேல் பொறித்துள்ள பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும். பெயரைப் பொறிப்பது எளிது, பதத்தை ஏற்றுவதுதான் கடினம்.

தீட்டுதலும் காத்தலும்

மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டும் என்பது முரணாகத் தோன்றலாம். கூர் குறைந்தால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் நழுவும் அலகு தொலைவு பாய்கிறது. ஆகவே இருபுறமும் கொண்ட கார்போரண்டம் கல் ஒன்றை முகாமில் வைத்திருத்தல் அவசியம். ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 20 பாகைக் கோணம் உழைக்கும் கத்திக்கு ஏற்றது. அலகு 2 செ.மீ. அகலமாயின், அதன் முதுகைக் கல்லிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று மேலாக உயர்த்திப் பிடித்தால் இக்கோணம் கிட்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் நுண்ணிய பிசிறு எழும். அலகின் நீளம் முழுவதிலும் பிசிறு எழுந்த பின்னரே மறுபக்கம் திருப்ப வேண்டும். இறுதியில் பழைய தோல் வாரில், வாய் பின்செல்லுமாறு பத்துப் பதினைந்து முறை இழுத்தால் பிசிறு நீங்கிவிடும்.

மின்விசைச் சாணையில் நீரின்றி அலகைப் பிடிக்கும் வழக்கம் பெருங்கேடு. தீப்பொறி பறப்பது காட்சிக்கு நன்று. ஆனால் வாயின் மெல்லிய ஓரம் நீல நிறம் கொண்டுவிட்டால், மேலே ஊசியிற் கண்டதுபோல், அதன் பதம் இறங்கிவிட்டதென்று பொருள். அப்பகுதி தேய்ந்து போகும் வரை அக்கத்தியில் கூர் நிலைக்காது.

அலகை நெம்புகோலாகவோ திருப்புளியாகவோ பயன்படுத்தலாகாது. முனை ஒடிந்த கத்திகளுள் பெரும்பாலானவை பெட்டி மூடி நெம்பியே ஒடிந்தவை. வேலை முடிந்ததும் துடைத்து, அச்சாணியில் ஒரு துளி எண்ணெய் இடுக. உணவும் அரிவதாயின் தேங்காய் எண்ணெயே போதும்.

தோட்டக்கலை ஊழியர்கள் ஒட்டுக் கட்டுவதற்குத் தனிக் கத்தி வைத்துக்கொள்வர். அதன் வாய் ஒரு பக்கம் மட்டுமே சாய்வுடையது. அதனைப் பிற வேலைக்குத் தொடுதல் கூடாது. மேலும், ஒரு மரத்தின் நோயை மற்றொன்றுக்குச் சுமந்து செல்வதும் கத்தியே. எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களில் பட்டை உரியச் செய்யும் எக்ஸோகார்டிஸ் என்னும் வைராய்டு, அறுத்த அலகில் ஒட்டிப் பரவுகிறது. சாராயத்தில் துடைப்பதாலும் தீயில் வாட்டுவதாலும் அது உறுதியாக ஒழிவதில்லை. வெளுப்பு நீர்க் கரைசலில் தோய்த்தெடுப்பதே பலன் தருகிறது. அக்கரைசல் எஃகை அரிக்கும். எனவே உடனே நல்ல நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசவேண்டும்.

கத்தியை எடுக்கவே கூடாத சமயமும் ஒன்றுண்டு. பாம்பு கடித்த இடத்தைக் கீறி இரத்தத்தை வடியவிடுமாறு பழைய கையேடுகள் கூறின. சிறு அலகு வைத்த பாம்புக்கடிப் பெட்டிகளும் விற்கப்பட்டன. இன்றைய மருத்துவ நெறிமுறைகள் அதனை முற்றிலும் விலக்கியுள்ளன. கீறுவதால் நஞ்சு வெளியேறுவதில்லை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பதால், கீறிய புண்ணிலிருந்து குருதி நில்லாமல் ஒழுகும். இறுக்கிக் கட்டுவதும் தவறு. கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்த உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். அங்கே கத்திக்கு ஒரே வேலை உண்டு: மூங்கிலைச் சீவிச் சிம்பு செய்வதும், அதைக் கட்டத் துணியை நறுக்குவதும்.

கத்தியால் தமக்கே காயம் நேரின், தூய துணியை வைத்து நேராக அழுத்திப் பிடித்து, உறுப்பை உயர்த்தி வைக்க வேண்டும். விரலை மடக்க இயலாவிடினும், நுனி மரத்திருப்பினும் தாமதியாமல் மருத்துவரை அடைக. இரண ஜன்னித் தடுப்பூசியைக் களப்பணியாளர் முறைப்படி போட்டுவைத்திருத்தல் நன்று.

சட்டத்தைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த 2016ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் வைத்து, வீடு, வேளாண்மை, விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்த கருவிகளை விலக்கியுள்ளன. இங்கே கூறிய கத்திகள் அவ்வளவுக்கு மிகவும் குறைந்தவை. ஆயினும் பொத்தானை அழுத்தியதும் வில்விசையால் தானே பாயும் கத்திகளைத் தில்லி போன்ற இடங்களில் தனி அறிவிக்கைகள் கட்டுப்படுத்துகின்றன. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் நீண்ட மடக்குக் கத்தி திரைப்படங்களால் புகழ்பெற்றது. 2023ஆம் ஆண்டில் அந்நகரின் நாற்சந்தி ஒன்றில் சுமார் 20 அடி நீள மாதிரியே நிறுவப்பட்டது. ஆனால் அது களப்பணிக்கு உரியதன்று. பையில் வைத்திருப்பவருக்குச் சோதனைச் சாவடிகளில் விளக்கம் சொல்லும் வேலையையே அது தரும். விமானத்தில் செல்வோர் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைத்தலாகாது. சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் உறையிட்டு வைத்து அனுப்புக.